சிக்கிமுக்கிப் பொறியும் ஈயக் குண்டும்

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மான்வேட்டைப் பருவம் தொடங்குகிறது. இலை கொட்டிய ஓக் காடுகளில் அப்போது பனி கிடக்கும்; விரல்கள் குளிரில் விறைத்துப்போகும். அந்தப் பருவத்தில் துப்பாக்கி எடுத்துப் போகிறவருக்கு மாநிலம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. தோட்டா போட்டுச் சுடும் நவீனத் துப்பாக்கி கூடாது. குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல்லை எஃகில் உரசிப் பற்றவைக்கும் பழைய துப்பாக்கிதான் வேண்டும். 1974இல் தொடங்கிய இந்தப் பருவம் இன்றும் நடக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான ஒரு பூட்டு, இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு மாநிலத்தின் சட்டத்தால் உயிரோடு இருக்கிறது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மான்வேட்டை குற்றம். அது சரியான சட்டம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பென்சில்வேனியாவின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வெள்ளைவால் மான் ஏறக்குறைய அழிந்துவிட்டது. 1895இல் வேட்டை விலங்கு ஆணையம் அமைத்தார்கள். 1906 முதல் வெளியிலிருந்து மான்களைக் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். இன்று மான்கள் பெருகி, இளம் மரக்கன்றுகளை முளையிலேயே மேய்ந்து காட்டின் மறுவளர்ச்சியைத் தடுக்கும் அளவுக்கு வந்திருக்கின்றன. அதனால் உரிமமும் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வைத்து வேட்டையை அனுமதிக்கிறார்கள். அந்த வேட்டைக்கு முதன்முறையாக ஒரு சிக்கிமுக்கித் துப்பாக்கி வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும், எவ்வளவு மருந்து போட வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. கேள்வி சிறியதுதான். ஆனால் பதில் தேடிப் போனால் வேதியியலும் காற்றியக்கமும் குறுக்கே வருகின்றன. கடலூர்கூட வருகிறது.

கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் குழலைத்தான் முதலில் பார்ப்பார். நீளம் என்ன, துளை என்ன, கட்டையில் பதித்த பித்தளை வேலை எப்படி என்று கண் போகும். நான் சொல்வது: முதலில் பூட்டைப் பாருங்கள். இந்தத் துப்பாக்கியில் நெருப்பு பிறக்கும் இடம் பூட்டு. நெருப்பு பிறக்காவிட்டால் மிச்சமெல்லாம் நாலு கிலோ மரமும் இரும்பும்தான்.

நார்மண்டியின் லிசியூ நகரத்துக் கைவினைஞர் மரின் லெ பூர்ஷுவா, 1610ஐ ஒட்டி பிரெஞ்சு அரசவைக்குச் செய்த பூட்டுதான் இதன் முன்னோடி என்று கருதப்படுகிறது. அதன் அமைப்பு எளிமையானது. ஒரு கவ்வி, தோல் சுற்றிய சிக்கிமுக்கிக் கல்லைப் பிடித்திருக்கும். தமிழில் அந்தக் கவ்விக்குக் குதிரை என்று பெயர். எதிரே நிமிர்ந்து நிற்கும் எஃகு நாக்கை ஆங்கிலத்தில் பிரிசன் என்பார்கள். அந்த நாக்கின் அடிப்பகுதியே சிறு கிண்ணி ஒன்றுக்கு மூடியாகவும் இருக்கும். கிண்ணியில் ஒரு சிட்டிகை நுண்மருந்து. அதற்குத் தமிழில் ரஞ்சகம் என்ற பழைய சொல் இருக்கிறது. விசையை இழுத்தால் குதிரை பாயும், கல் எஃகைச் சுரண்டும், மூடி முன்பக்கமாகத் திறக்கும், பொறி ரஞ்சகத்தில் விழும். ரஞ்சகத்தின் சுடர் குழலின் பக்கவாட்டில் உள்ள தீத்துளை வழியே உள்ளே போய், கெட்டித்து வைத்த மருந்தைப் பற்றவைக்கும்.

பொறி கல்லிலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் எரிவது இரும்பு. சிக்கிமுக்கிக் கல் என்பது மிக நுண்ணிய படிகங்களாலான குவார்ட்ஸ். கடினமாக்கிய எஃகைக்கூடச் செதுக்கும் கூர்மை அதன் விளிம்புக்கு உண்டு. அந்த விளிம்பு எஃகிலிருந்து மயிரிழையைவிட மெல்லிய சீவல்களை உரித்தெடுக்கிறது. உரிக்கும்போது எழும் வெப்பத்தில் சீவல் சிவக்கிறது. இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்தால் வெப்பத்தை வெளியிடும். பெரிய இரும்புத் துண்டில் இது துருவாக மெல்ல நடக்கும். சீவலோ மிகச் சிறியது. அதன் எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிக அதிகம். அதனால் காற்று பட்ட மாத்திரத்தில் எரிந்து, ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தோடு கிண்ணியில் விழுகிறது. துரு பிடிப்பதும் பொறி பறப்பதும் ஒரே வகை வேதிவினைதான், வேகம்தான் வேறு.

இதிலிருந்து வாங்குகிறவருக்கு ஒரு நேரடிப் பாடம் கிடைக்கிறது. பிரிசன் எஃகு மென்மையாக இருந்தால் கல் அதில் பள்ளம்தான் பறிக்கும். எரியக்கூடிய மெல்லிய சீவல் வராது. மலிவான துப்பாக்கிகள் பலவற்றில் குறை இங்கேதான் இருக்கிறது. மருந்து போடாமல், கடைக்காரரின் அனுமதியோடு, அரையிருட்டில் பூட்டை இயக்கச் சொல்லிப் பாருங்கள். வெண்மையான பொறிகள் கொத்தாகக் கிண்ணிக்குள் விழ வேண்டும். ஒன்றிரண்டு செம்பொறி பக்கவாட்டில் சிதறினால், கட்டையில் எவ்வளவு அழகான வேலை இருந்தாலும் அந்தத் துப்பாக்கியை வைத்துவிட்டு வந்துவிடலாம். கல் எங்கே படுகிறது என்பதையும் கவனியுங்கள். பிரிசனின் அடியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கிச் சுரண்டிவந்து, முடியும்போது கல்லின் விளிம்பு கிண்ணியை நோக்கியிருப்பது நல்ல அமைப்பு.

கல்லும் எல்லாம் ஒன்றல்ல. இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் பிராண்டன் என்ற ஊர் கரிய சிக்கிமுக்கிக்குப் பெயர்போனது. நெப்போலியன் காலப் போர்களில் பிரிட்டிஷ் படைக்குத் துப்பாக்கிக் கற்கள் அந்த ஊரிலிருந்து போயின. சுண்ணாம்புப் பாறைக்குள் விளைந்த கல்லை வெட்டியெடுத்து, சுத்தியலால் தட்டித் தட்டி விளிம்பு எடுத்தார்கள். இன்றும் கையால் செதுக்கிய கல், ரம்பத்தால் அறுத்த கல்லைவிட நல்ல விளிம்பு தருகிறது. விளிம்பு மழுங்கினால் மெல்லத் தட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். காட்டுக்குப் போகும்போது பையில் இன்னும் இரண்டு கல் இருக்கட்டும்.

அடுத்தது ரஞ்சகம். கிண்ணியை நிரப்பி வைத்தால் நல்லது என்று புதியவர் நினைப்பார். தீத்துளையின் விட்டம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். அந்தத் துளைக்குள்ளும் மருந்து அடைத்துக்கொண்டால், சுடர் பாய்ந்து உள்ளே போக வழியில்லை. மருந்து மணி மணியாக எரிந்து உள்ளே போய்ச் சேர வேண்டும். வாணவெடியின் திரி எரிவதுபோல. காது அதைப் பிடித்துவிடும்: முதலில் ஒரு "புஸ்", பிறகு ஒரு "டொம்". துளையைத் திறந்து விட்டு, ரஞ்சகத்தை அதன் அருகிலேயே, ஆனால் அதை மூடாமல் இட்டால், சுடரின் வெப்பம் நேராக உள்ளே பாயும். அப்போது இரண்டு சத்தமும் ஒன்றாகிவிடும்.

நல்ல பூட்டில், குதிரை விடுபட்டதிலிருந்து குழலுக்குள் மருந்து பற்றுவது வரை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான். ஆனால் ஒரு மீட்டர் நீளக் குழலைக் குண்டு கடந்து வெளியேற ஆகும் நேரம் அதைவிட மிகக் குறைவு, நான்கைந்து மில்லிவினாடி. ஆக, தாமதம் முழுவதும் பூட்டில்தான் இருக்கிறது. அந்தக் கண்ணிமைப்பில் முகத்துக்கு முன்னால் தீ எழும், புகை எழும். மனிதக் கண் மூடிக்கொள்ளப் பார்க்கும். தோள் நெளியப் பார்க்கும். சுட்ட பிறகும் குறியை அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் வந்தால்தான் குண்டு போக வேண்டிய இடத்துக்குப் போகும். இதை விலை கொடுத்து வாங்க முடியாது. குண்டில்லாமல் ரஞ்சகம் மட்டும் இட்டு, பாதுகாப்பான இடத்தில் நூறு முறை பழகுவதுதான் வழி.

மருந்து விஷயத்தில் சமரசம் வேண்டாம். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த பழைய கரிமருந்துதான் இந்தப் பூட்டுக்கு ஏற்றது. பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் பற்றுவதற்குக் கூடுதல் வெப்பம் கேட்பவை. சிக்கிமுக்கிப் பொறிக்கு அவை நம்பகமாகப் பற்றுவதில்லை. நவீனத் தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்தைச் சிறிதளவுகூட இதில் போடக் கூடாது. குழல் வெடித்துச் சுடுபவரைக் கொல்லும். கரிமருந்து எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஆகவே துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே மருந்து விற்கும் கடையைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.

கரிமருந்து மணியின் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. மணி சிறிதானால் மொத்த மேற்பரப்பு கூடும், எரிவும் விரைவாகும். அந்த அளவைத்தான் எஃப் என்ற எழுத்தால் குறிக்கிறார்கள். இரண்டு எஃப் பெருமணி, மூன்று எஃப் சிறுமணி, நான்கு எஃப் ஏறக்குறையப் பொடி. பொடி கிண்ணிக்கு, மற்ற இரண்டும் குழலுக்கு.

இனி குண்டின் பயணம். இங்கேதான் பெஞ்சமின் ராபின்ஸ் வருகிறார்.

1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில், குவேக்கர் குடும்பத்தில் பிறந்த கணித அறிஞர் இவர். 1742இல் பீரங்கி இயல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அதற்கு முன் யாரும் சரியாக அளந்ததில்லை. ராபின்ஸ் ஒரு கனமான மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டு அதில் சுட்டார். குண்டு கட்டையில் புதைய, கட்டை ஆடியது. ஆடிய தூரத்தை அளந்து, உந்தம் மாறாது என்ற விதியைக் கொண்டு, குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிட்டார். பிறகு ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். வேகம் எதிர்பார்த்ததைவிட மிக விரைவாகக் குறைந்தது. காற்றின் தடையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அதுவரை பீரங்கிக் கணக்குப் போட்டவர்கள் திகைத்துப்போனார்கள். மாபெரும் கணித மேதை ஆய்லர் அந்த நூலை 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, அதற்கு விரிவான குறிப்புகளும் எழுதினார்.

அந்தத் தடை எவ்வளவு? இன்றைய வேட்டைத் துப்பாக்கியை வைத்தே கணக்கிடலாம். 0.50 அங்குலத் துளையில் போடும் 0.490 அங்குல ஈயக் குண்டின் எடை 177 கிரெய்ன், அதாவது சுமார் பதினொன்றரை கிராம். கிரெய்ன் என்பது ஒரு தானிய மணியின் எடையிலிருந்து பிறந்த அளவு. நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெய்ன். இந்தக் குண்டு குழல்வாயை விட்டு வினாடிக்கு 540 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், அந்தக் கணத்தில் காற்று அதை எதிர்த்துத் தள்ளும் விசை, குண்டின் எடையைப் போல் 150 மடங்குக்கும் மேல். உருண்டை காற்றைக் கிழிக்கத் தெரியாத வடிவம். 100 கஜம் போவதற்குள் வேகம் 315 மீட்டர் அளவுக்கு இறங்கி, ஒலியின் வேகத்துக்கும் கீழே போய்விடுகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 1,700 ஜூல் அளவில் கிளம்பிய ஆற்றல் 100 கஜத்தில் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

முதல் துப்பாக்கி வாங்கியவர் உடனே கேட்கும் கேள்வி: இன்னும் கொஞ்சம் மருந்து கூட்டினால் என்ன? ராபின்ஸின் ஊசல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. காற்றின் தடை வேகத்தோடு சேர்ந்து ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். கூட்டிய வேகத்தைக் காற்று முதலில் பிடுங்கிக்கொள்ளும். ஒரே அளவுக் குண்டை வினாடிக்கு 460 மீட்டரிலும் 610 மீட்டரிலும் சுட்டுப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். குழல்வாயில் வேறுபாடு 150 மீட்டர். 100 கஜத்தில் அது 60 மீட்டரை ஒட்டிச் சுருங்கிவிடும். கூடுதல் மருந்துக்குக் கிடைப்பது கூடுதல் உதைப்பும் கூடுதல் புகையும் கூடுதல் கசடும். பெரும்பாலும் குறியும் கெடும்.

கனமான குண்டு போட்டால் பலன் உண்டு. உருண்டையின் எடை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்து ஏறும். காற்றுக்குக் காட்டும் முகமோ வர்க்கத்தைப் பொறுத்துத்தான் ஏறும். 0.45 துளைக்கான 0.440 அங்குலக் குண்டு 128 கிரெய்ன். 0.54 துளைக்கான 0.530 அங்குலக் குண்டு 224 கிரெய்ன். விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது; எடை முக்கால் பங்கு கூடிவிட்டது. பெரிய குண்டு தன் வேகத்தைக் கூடுதல் தூரம் காப்பாற்றுகிறது. ஆனால் பெரிய குண்டுக்கு மருந்தும் ஈயமும் கூடுதலாக வேண்டும், தோளும் தாங்க வேண்டும்.

ராபின்ஸ் செய்த இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. புரி இல்லாத வழவழப்பான குழலில் சுட்ட குண்டு, ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம் என்று விலகிப் போவது ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. குழல் சுவரில் உரசுவதால் குண்டு சுழலத் தொடங்குகிறது, சுழலும் குண்டைக் காற்று ஒருபக்கம் தள்ளுகிறது என்று ராபின்ஸ் சந்தேகித்தார். ஒரு குழலின் நுனியை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம்தான் போனது. போகப் போக வலப்பக்கம் வளைந்து வந்தது. வளைவில் வலச் சுவரைத் தேய்த்துக்கொண்டு உருண்டதால் வந்த சுழற்சி, காற்றில் அதைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டது. சுழற்பந்து வீச்சாளரின் பந்து ஆடுகளத்தில் படுமுன்பே காற்றில் விலகுகிறதே, அதே இயற்பியல். இன்று இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். மேக்னஸ் ஆராய்ந்தது 1850களில்; ராபின்ஸ் காட்டியது அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னால்.

நோய் தெரிந்துவிட்டால் மருந்து தெரிந்துவிடும். சுழற்சியைத் தவிர்க்க முடியாது. அதன் அச்சையாவது குண்டு போகும் திசையில் வைத்துவிட்டால் காற்றால் அதைப் பக்கவாட்டில் தள்ள முடியாது. குழலின் உட்புறம் மரைபோல் ஓடும் பள்ளங்கள், அதாவது புரிகள், இதைத்தான் செய்கின்றன. புரிக்குழலின் மேன்மை பற்றி ராபின்ஸ் 1747இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். அதே காலத்தில், அட்லாண்டிக்கின் மறுகரையில், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில், ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்து குடியேறிய கொல்லர்கள் புரிக்குழல் துப்பாக்கிகளைக் கையால் செய்துகொண்டிருந்தார்கள். தங்கள் நாட்டுக் குட்டையான, பெருந்துளை வேட்டைத் துப்பாக்கியைப் படிப்படியாக நீட்டி, துளையைக் குறுக்கினார்கள். ஈயமும் மருந்தும் சுமந்து நாள்கணக்கில் காட்டில் திரிகிறவனுக்குச் சிறு குண்டு சிக்கனம். நீண்ட குழலில் முன்குறியும் பின்குறியும் தள்ளித் தள்ளி இருப்பதால் குறிபார்ப்பதும் துல்லியமாகிறது.

ராபின்ஸ் 1750இல் இந்தியா வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்கும் தலைமைப் பொறியாளர் பதவி. ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டு, 1751 ஜூலை 29 அன்று கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். அந்தக் கோட்டை இருந்த தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்குப் போகிற நம்மில் எத்தனை பேருக்கு இந்த மனிதரைத் தெரியும்? பறக்கும் பொருள்மீது காற்று காட்டும் தடையை அளந்து சொன்ன முன்னோடி அங்கேதான் கண்மூடினார். கடலூர்ப் பள்ளிகளின் இயற்பியல் வகுப்பில் இவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

முறுக்குக்கு வருவோம். புரி ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் எடுத்துக்கொள்கிறது என்பதே முறுக்கின் அளவு. நீண்ட கூர்முனைக் குண்டு காற்றில் குப்புறக் கவிழப் பார்க்கும்; அதை நிமிர்த்தி வைக்க வேகமான சுழற்சி வேண்டும். அதனால் அவற்றுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற இறுக்கமான முறுக்கு. உருண்டைக்குக் கவிழ்வது என்பதே இல்லை. 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். அந்த மெதுவான முறுக்கிலேயே 540 மீட்டர் வேகத்தில் வெளிவரும் குண்டு வினாடிக்கு 350 முறை சுழல்கிறது. இறுக்கமான முறுக்கில் உருண்டையைப் பலமாகத் தள்ளினால் அது புரியைப் பிடிக்காமல் வழுக்கி வெளியேறும். ஆலைத் துப்பாக்கிகள் பலவற்றில் 48 அங்குல முறுக்கு வரும். இரண்டு வகைக் குண்டுக்கும் ஒப்பேற்றலாம் என்று வைத்த அளவு அது. மிதமான மருந்தில் உருண்டையை நன்றாகவே போடும். அதை வாங்கியவர் வருந்த வேண்டியதில்லை.

குண்டு நேரடியாகப் புரியைத் தொடுவதும் இல்லை. துளையைவிட நூற்றில் ஒரு அங்குலம் சிறிய குண்டை, கொழுப்போ எண்ணெயோ தடவிய நெருக்கமான நெசவுப் பருத்தித் துணியில் வைத்து இறக்குவார்கள். பேட்ச் என்று பெயர். தலையணை உறைக்கு நெய்யும் தடித்த துணி இதற்கு வாகானது. புரியைப் பிடிப்பதும் துணி; வாயு கசியாமல் அடைப்பதும் துணி. சுட்ட பிறகு துணி பத்துப் பதினைந்து கஜத்தில் தரையில் விழும். அதைத் தேடி எடுத்துப் பாருங்கள். நடுவில் கருகியிருந்தால் எண்ணெய் போதவில்லை அல்லது துணி மெல்லியது. கீறல் கீறலாகக் கிழிந்திருந்தால் புரியின் விளிம்பு கூராக இருக்கிறது. முழுதாக, பின்பக்கம் மட்டும் புகைபடிந்து கிடந்தால் எல்லாம் சரி. சோதனைச்சாலை எதுவும் வேண்டாம். அந்தத் துணி போதும்.

என்னைக் கேட்டால், முதல் துப்பாக்கிக்கு 0.50 அங்குலத் துளை, 60 அங்குலத்தை ஒட்டிய முறுக்கு. 0.45 சட்டப்படி செல்லும், ஏனென்றால் பென்சில்வேனியா கேட்பது குறைந்தது 0.44. ஆனால் அதன் குண்டு இலகு. குறியில் சிறு பிழைக்கும் இடம் தராது. 0.54 நல்ல துப்பாக்கி, பழகிய தோளுக்கு. 0.50க்குக் குண்டும் துணியும் எங்கும் கிடைக்கும். மருந்து 50 கிரெய்னில் தொடங்கி, ஐந்தைந்தாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஐந்து குண்டு சுட்டு, துளைகள் எங்கே நெருங்கி விழுகின்றன என்று பாருங்கள். பெரும்பாலான 0.50 குழல்கள் 60க்கும் 80க்கும் இடையில் ஓரிடத்தில் அமைதியாகிவிடும். குழலைச் செய்தவர் குறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது. இடக்கைக்காரர் இடக்கைப் பூட்டே வாங்கட்டும். வலக்கைப் பூட்டை இடத்தோளில் வைத்தால் கிண்ணியின் தீ முகத்துக்கு நேராக எழும். கண்ணாடி எல்லோரும் அணிய வேண்டும்.

கெட்டிக்கும் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குழல் காலியா என்று திணிகோலை இறக்கிப் பார்ப்பது முதலில். மருந்தை அளவைக் குப்பியில் அளந்து அதிலிருந்துதான் குழலில் ஊற்ற வேண்டும். மருந்துக்கொம்பிலிருந்து நேரடியாக ஊற்றவே கூடாது. உள்ளே ஒரு கனல் மிச்சமிருந்தால் கையிலிருக்கும் கொம்பு முழுவதும் வெடிக்கும். பிறகு துணியும் குண்டும். குண்டு மருந்தின்மேல் முழுதாக அமர வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் குழல் வீங்கும், பிளக்கவும் கூடும். திணிகோலில் ஒரு கோடு போட்டு வைத்தால் குண்டு அமர்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் தெரியும். ரஞ்சகம் கடைசியில், சுடப்போகும் இடத்தில், குழல்வாய் பாதுகாப்பான திசையில் இருக்கும்போது மட்டும். பற்றாமல் போனால் குழலை அப்படியே ஒரு நிமிடம் பிடித்திருங்கள். உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். தீத்துளை இருக்கும் பக்கத்தில் யாரையும் நிற்கவிடாதீர்கள்.

ஈரம்தான் இந்தத் துப்பாக்கியின் பெரும் எதிரி. பனி உருகும் காட்டில் ரஞ்சகம் அரை மணியில் கூழாகிவிடலாம். அடிக்கடி துடைத்துப் புதிதாக இடுங்கள். பூட்டின்மேல் எண்ணெய்த் தோல் ஒன்றைக் கட்டுங்கள். கரிமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாவதில்லை. திடப்பொருளாகப் புகையாகவும் கசடாகவும் நின்றுவிடுகிறது. அந்தக் கசடு பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகள். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, ஒரே இரவில் குழலைத் துருவாக்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். அதனால் வீடு திரும்பியதும் தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, அதன்பின் எண்ணெய் பூச வேண்டும். கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தொட்டது ஈயம்.

தூரத்தைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. 75 கஜத்துக்குக் குறியைச் சரிசெய்த 0.50 துப்பாக்கியில், 100 கஜத்தில் குண்டு ஐந்தாறு சென்டிமீட்டர்தான் கீழே படும். 150 கஜத்தில் ஏறத்தாழ ஒரு முழம் கீழே போய்விடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியின் அகலம் ஒரு சாண். பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு முன்னங்காலின் பின்புறம், அந்த ஒரு சாணுக்குள் குண்டு பட்டால் அது விரைவில் விழும். மென்மையான தூய ஈயம் உள்ளே தட்டையாகி, பெரிய காயம் உண்டாக்கும். குண்டே ஏறக்குறைய அரை அங்குல அகலத்துக்குத் துளை போடும். ஆனால் சாண் தவறினால் வயிற்றில் பட்ட விலங்கு இரவெல்லாம் பனியில் கிடந்து சாகும். இரண்டாவது குண்டு கெட்டிக்க அரை நிமிடமாவது ஆகும். அந்த அரை நிமிடத்தில் அது எங்கோ போயிருக்கும்.

ஆகவே பருவம் தொடங்குவதற்கு முன், சாண் அகலத் தாள் தட்டு ஒன்றை 25 கஜத்தில் வையுங்கள். கோடையில் பழகுவதுபோல் மேசையில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துச் சுடாமல், காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, குளிர்கால உடுப்போடு, முட்டியிட்டோ மரத்தில் சாய்ந்தோ ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் தட்டில் விழுந்தால் பத்துக் கஜம் பின்னால் போங்கள். ஏதோ ஒரு தூரத்தில் ஐந்தில் ஒன்று தட்டைத் தவறவிடும். அதற்கு முந்தைய தூரம்தான் அந்த ஆண்டு உங்கள் தூரம். அதற்கு அப்பால் எவ்வளவு அழகான கலைமான் வந்து நின்றாலும் விசையில் விரல் வைக்காதீர்கள்.